காரில் நாயைக் கூட்டிப் போகிறவர்கள் கொஞ்சம் வாங்க: சிப்பிப்பாறை, 500 கிலோமீட்டர், பங்குனி வெயில்

கரிசல்காடு
எல்லோருக்கும் வணக்கம். இங்கே முதல் முறை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருப்பது தாம்பரம், சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வீட்டில் ஒரு சிப்பிப்பாறை, பெட்டை, மூன்று வயது, 17 கிலோ, பெயர் செவலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது துவரங்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பின் கதவைத் திறந்தேன். சங்கிலி என் கையில்தான் இருந்தது. அவள் இறங்கி நின்ற நேரம் பார்த்து ஒரு லாரிக்காரர் ஏர் ஹார்ன் அடித்தார், இவள் தலையைக் குனிந்து பின்பக்கமாக ஒரே உதறு. கழுத்து பெல்ட் சங்கிலியோடு என் கையில் தொங்குகிறது, நாயைக் காணோம். நான்கு வழிச்சாலையை நேராகக் கடந்து அந்தப் பக்கக் காட்டுக்குள் போய்விட்டாள். ஒரு பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தாள். ஒரு கீறல்கூட இல்லை, அது எங்கள் நல்ல நேரம்.

இப்போது பங்குனிப் பொங்கலுக்கு மறுபடி போக வேண்டும். அம்மா "அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்கிறார். எந்த பெல்ட் வாங்குவது, காரில் எப்படிக் கட்டுவது, அந்த வெயிலில் கூட்டிப் போகலாமா? கடைக்காரர் "இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்கிப் போடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றுநாய்க்காரி
தம்பி, கடைக்காரர் சொன்னபடி இறுக்கினால் மூச்சுத் திணறும், ஆனாலும் கழன்று வரும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தலையைவிடப் பருமன். சாதா பெல்ட் காதைத் தாண்டினால் மூக்கு வழியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நான் கோயம்புத்தூரில் ஒரு கன்னி வைத்திருக்கிறேன், அது என் கண் முன்னால் மூன்று பெல்ட்டை இப்படிக் கழற்றிக் காட்டியது, மூன்றாவது முறை பெருமையாக வாலை வேறு ஆட்டியது.

உங்களுக்கு வேண்டியது மார்ட்டிங்கேல் பெல்ட். பெரிய வளையம் ஒன்று, அதோடு சின்ன வளையம் ஒன்று, இழுத்தால் மட்டும் கொஞ்சம் இறுகும், விட்டால் தளரும். முழுதாக இறுகிய நிலையில் காதுக்குப் பின்னால் தலையின் அளவைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், அதே சமயம் கழுத்தை நெரிக்கவும் கூடாது. கயிறு பிடித்து நடக்கும்போது மட்டும் போடுங்கள். வீட்டில், கூண்டில், ஆள் இல்லாத நேரத்தில் போட்டு விடாதீர்கள், எதிலாவது மாட்டிக்கொண்டால் இறுகிவிடும்.

அப்புறம் அந்த இரும்புச் சங்கிலியைத் தூக்கிப் போடுங்கள். கை வெட்டும், எடை வேறு. நல்ல நைலான் பட்டைக் கயிறு 5 அடி போதும். பட்டனை அமுக்கினால் நீண்டுகொண்டே போகிற டப்பாக் கயிறு ரோட்டோரத்துக்கு வேண்டவே வேண்டாம். 15 அடி ஓடி வேகம் எடுத்த நாயை யாராலும் பிடிக்க முடியாது, அந்த மெல்லிய கயிறு காலில் உரசினால் தோல் உரிந்துவிடும்.

ஸ்பேனர்
கார் பற்றி நான் சொல்கிறேன், பட்டறைக்காரன்.

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கழுத்து பெல்ட் நடப்பதற்கு. காருக்குள் கழுத்தில் எதையும் கட்டாதீர்கள், பிரேக் அடித்தால் கழுத்தெலும்பு போய்விடும். மார்பைச் சுற்றி வருகிற ஹார்னஸ் போட்டு, அதன் முதுகு வளையத்தில் இருந்து சீட் பெல்ட் பக்கிளில் மாட்டுகிற குட்டைப் பட்டையைப் போடுங்கள். உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், சீட்டை விட்டுக் கீழே விழவோ முன் சீட்டுக்குத் தாவவோ முடியக் கூடாது, அவ்வளவு நீளம்தான். நாய் மிதித்து பக்கிள் பட்டன் அமுங்கிவிடுவதும் உண்டு. புது கார் என்றால் குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கும், அதில் மாட்டும் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

"பின் சீட்டில் சும்மாதானே படுத்திருக்கு" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுவரில் மோதி நின்றால், கட்டாத நாய் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்த வேகத்தில் முன்னால் பறக்கும். அதாவது மூன்று மாடி. 80இல் போனால் 25 மீட்டர், எட்டு மாடி. நாய் மட்டும் போகாது, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற உங்கள் பிடரியையும் சேர்த்துக்கொண்டு போகும்.

முன் சீட் கூடாது. ஏர்பேக் வெடிக்கிற வேகம் மனிதனைக் கணக்கில் வைத்துச் செய்தது.

ஆன்லைனில் 300 ரூபாய்க்கு வருகிற ஹார்னஸ் மோதலைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013இல் பல ஹார்னஸ்களைப் பொம்மை நாய்களுக்குப் போட்டு மோதிப் பார்த்தது, பெரும்பாலானவை தேறவில்லை. அதற்காகக் கட்டாமல் விடச் சொல்லவில்லை. திடீர் பிரேக், திடீரென்று கதவு திறப்பது, டிரைவர் மடியில் தாவுவது, நம் ஊரில் தினம் நடப்பது இவைதான், அதற்கு அது போதும்.

டிவிஎஸ்காரன்
இவ்வளவு சடங்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் ராஜபாளையம் நாய் எக்ஸ்எல் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு வரும். மாட்டாஸ்பத்திரிக்கு, தோட்டத்துக்கு, எங்கே வேண்டுமானாலும். ஏழு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. பழக்கினால் நாய் கேட்கும்.

மூன்றுநாய்க்காரி
ஏழு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பது எட்டாவது வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லையே அண்ணா. உங்கள் நாய் கேட்கும், சரி. எதிரே வருகிற மினி பஸ் கேட்குமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பைக்கை ஓட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்து நாயை ஓட விடுகிறவர்கள். "எக்சர்சைஸ்" என்பார்கள். நாய் நின்றால் இவர் நிற்க ஒரு விநாடி ஆகும், அந்த ஒரு விநாடியில் நாயின் கழுத்துதான் பிரேக்.

ஊசிபோடுபவர்
கால்நடை மருத்துவர், தென் மாவட்டம். எக்ஸ்எல் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கைப்பிடியில் சுற்றி வைத்து நாயை முன்னால் நிறுத்தி வந்த ஒருவர், நாய் குதித்ததும் கயிறு முன் சக்கரத்தில் சுற்றி, நாயும் ஆளும் சேர்ந்து விழுந்து என்னிடம் வந்தார்கள். நாய்க்குக் கால் முறிவு, அவருக்கு முகத்தில் தையல், அதை நான் போடவில்லை. சைலன்சர் சூட்டுப் புண்ணோடு வருவதும் உண்டு. வேறு வழியே இல்லை என்றால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது 100 ரூபாய் போனால் போகட்டும், ஆட்டோ பிடியுங்கள்.

இனி வெயில். கரிசல்காடு சார், பங்குனியில் போகலாம், ஆனால் விடிவதற்கு முன் கிளம்புங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பு வேர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சுற்றிலும் உள்ள காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நிறுத்திய காருக்குள் விட்டுப் போகவே போகாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் பத்து நிமிஷத்தில் உள்ளே 45ஐத் தொடும், அரை மணியில் 50ஐத் தாண்டும். நிழலில் நிறுத்தினாலும் நிழல் நகர்ந்துவிடும். கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாண மண்டப வாசலில் பக் நாயைக் காரில் வைத்துவிட்டு "மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்" என்று உள்ளே போனார்கள். தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசியதில் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது தெர்மாமீட்டர் 42ஐத் தாண்டியிருந்தது. நாய்க்கு இயல்பான சூடு 38இல் இருந்து 39 சொச்சம். காப்பாற்ற முடியவில்லை. ஏசியை ஓட விட்டுப் போவதையும் நம்பாதீர்கள், இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூல் நூலாக ஒழுகி, தள்ளாடினால் அது சூட்டு மயக்கம். அந்த இடத்திலேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஏசிக் காற்றில் வையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்கள். முதலில் குளிர வைப்பது, பிறகுதான் பயணம். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கரிசல்காடு
டாக்டர், மிக்க நன்றி. இவளுக்கு வாந்தியும் உண்டு, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். மச்சான் ஒருவர் "தூக்க மாத்திரை பாதி கொடு, ஊர் வரைக்கும் தூங்கும்" என்கிறார்.

ஊசிபோடுபவர்
மச்சானிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். வேட்டை நாய் இனங்களுக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, சில மயக்க மருந்துகள் உடம்பில் அதிக நேரம் தங்கும். மற்ற நாய்க்குக் கொடுத்த அளவை இவளுக்குக் கொடுத்தால் எழுந்திருப்பது கஷ்டம். மனிதர்கள் பஸ்ஸில் போடும் வாந்தி மாத்திரையும் கைக்கணக்கில் வேண்டாம். நாய்க்கென்றே மாரோபிடன்ட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, உங்கள் மருத்துவரிடம் எடை சொல்லிக் கேளுங்கள், தூங்க வைக்காது, வாந்தியை மட்டும் நிறுத்தும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது அல்லவா, அதற்குள் தினம் பத்து நிமிஷம் காரில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப் போங்கள். பாதி வாந்தி பயத்தில் வருவது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் காரில் ஏற்றினால் அது கார் கதவைப் பார்த்ததுமே ஊசியை நினைத்துக்கொள்ளும்.

நடைபாதைக்காரன்
நான் நாய் வளர்ப்பவன் இல்லை, நாய்க்குப் பயந்தவன், சின்ன வயசில் கடி வாங்கியவன். காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறேன். எதிரே வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டு, கயிற்றை முழுசாக விட்டுவிட்டு, "ஒன்னும் பண்ணாது சார், விளையாடும்" என்கிறார். எனக்கு அது விளையாடுகிறதா என்று தெரியாதே! ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கி, நீங்கள் நடுவில் வந்து, நாயை அந்தப் பக்கம் வைத்து நடந்தால் போதும். இதைவிட அதிகமாக நான் எதுவும் கேட்கவில்லை.

தெரு நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்குள் ஒரு உத்தரவு போட்டு, அதை மாற்றி இன்னொரு உத்தரவும் போட வேண்டியிருந்தது. நடந்து போகிறவன் நிலைமை அப்படி.

இழைக் காவலர்
தெரு நாய் வழக்குக்குத் தனி இழை இருக்கிறது, அந்தச் சண்டை அங்கே. நடைபாதைக்காரன் சொன்ன முதல் பத்தி மட்டும் இங்கே எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டியது.

மூன்றுநாய்க்காரி
அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம்.

தெரு நாய்கள் பற்றி வழக்கு இல்லாத ஒரு விஷயம் மட்டும். அவற்றுக்கு எல்லை உண்டு, இந்த டிரான்ஸ்பார்மரில் இருந்து அந்தப் பிள்ளையார் கோயில் வரை என்று. நாம் நம் நாயோடு அந்த எல்லைக்குள் நுழைகிறோம். இரண்டு வாரம் வேறு வேறு தெருவில் நடந்து பார்த்தால் எது அமைதியான வழி என்று தெரிந்துவிடும். எதிரே கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், உங்கள் நாயைப் பின்னால் வைத்து நில்லுங்கள், குடையோ கம்போ தரையில் தட்டினால் போதும், அடிக்க வேண்டியதில்லை. காதில் வெட்டு இருக்கிற நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கும், அப்போது ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அந்த ஊசிக்கு வருஷம் தாண்டியிருக்கலாம்.

உங்கள் நாயைக் கடித்துவிட்டால், அது ஏற்கெனவே ஊசி போட்டதாக இருந்தாலும் அன்றே கூட்டிப் போய் மறுபடி ஒரு ஊசி போடுங்கள். உங்களுக்குக் கீறல் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம்.

வேளச்சேரிவெள்ளம்
சென்னைக்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். மழை நாளில் தண்ணீர் தேங்கிய தெருவில் நாயை இறக்காதீர்கள். மின்வாரியப் பெட்டி, விளக்குக் கம்பம் பக்கம் போனால் கசிவு இருக்கலாம், நாய் கம்பத்தைத் தேடித்தானே போகும்! மூடியில்லாத பாதாளச் சாக்கடை தண்ணீருக்கு அடியில் தெரியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும், அதற்கும் வருஷாந்திர ஊசி இருக்கிறது.

வெயில் நாளில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையா, அப்போ நாயையும் நடத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணி எலும்பு தெருவெல்லாம் கிடக்கும், எங்கள் லாப்ரடார் ஒருமுறை அலுமினியப் பேப்பரோடு சேர்த்து விழுங்கி, வேப்பேரி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

கோத்தகிரிப்பனி
மலைக்கு வருகிறவர்களுக்கு: இருட்டிய பிறகு நாயோடு நடக்காதீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை, தேயிலைத் தோட்டத்துக்குள் அது இருப்பது உங்களுக்குத் தெரியாது. ரிசார்ட்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

டிவிஎஸ்காரன்
டாக்டர் சொன்னதைப் படித்தேன். கைப்பிடியில் கயிறு சுற்றுவதை விட்டுவிடுகிறேன். என் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துப் பிடிக்கச் சொல்லலாம். காரெல்லாம் வாங்க வழியில்லை, அதைச் சொல்லிவிட்டேன்.

கரிசல்காடு, நாய் எப்படிக் கிடைத்தது என்று கடைசி வரை சொல்லவில்லையே?

கரிசல்காடு
அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது அண்ணா, ஏனென்றால் கண்டுபிடித்தது நான் இல்லை.

நானும் டீக்கடைப் பையன்கள் நான்கு பேரும் "செவலை, செவலை" என்று கத்திக்கொண்டு காடெல்லாம் ஓடினோம். இரண்டு முறை கண்ணில் பட்டாள், எங்களைப் பார்த்ததும் இன்னும் தள்ளி ஓடினாள். நாங்கள் தேடி ஓடியது அவளுக்குத் துரத்தலாகவே இருந்திருக்கிறது. என் மனைவி எங்களையெல்லாம் திட்டி உட்கார வைத்துவிட்டு, செவலை ஓடிப் போன பக்கம், ரோட்டில் இருந்து தள்ளி ஒரு கருவேல மரத்தடியில் என் அழுக்குச் சட்டையை விரித்து, அம்மாவுக்காக வாங்கிப் போன நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். பேசவில்லை, கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம். அப்புறம் பின்னால் இருந்து ஒரு மூக்கு வந்து அவள் முழங்கையை இடித்தது. அப்போதும் பாய்ந்து பிடிக்கவில்லை, இரண்டு கருவாடு கொடுத்துவிட்டு மெதுவாகத் துப்பட்டாவைக் கழுத்தில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

மூன்றுநாய்க்காரி
உங்கள் மனைவியை இங்கே எழுதச் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த தகடு இருக்கிறதா? தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருந்தாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டுகிற கருவி இல்லை, ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் நம்பர் தெரியும். துவரங்குறிச்சியில் ஆடு மேய்க்கிறவரிடம் ஸ்கேனர் இருக்காது. தகட்டில் உங்கள் நம்பர், மனைவி நம்பர் இரண்டும் போடுங்கள். பெல்ட் கழன்றால் தகடும் போய்விடும், அதனால் ஹார்னஸிலும் ஒன்று.

ஸ்பேனர்
கதவு திறக்கும் முறையை மாற்றுங்கள். பின் கதவு இரண்டிலும் சைல்ட் லாக், ஜன்னல் பட்டனை லாக் செய்து வையுங்கள், நாய் தன் காலாலேயே கண்ணாடியை இறக்கிவிடும். நிறுத்தியதும் ஒருவர் உள்ளே நாயோடு இருந்து நடைக்கயிற்றை மாட்டிய பிறகுதான் சீட் பட்டையைக் கழற்ற வேண்டும். ஏதாவது ஒன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கதவு. டோல் கேட்டில் கண்ணாடியை முழுசாக இறக்க வேண்டாம், எட்டிப் பார்க்கிறவரை உங்கள் நாய் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது.

கரிசல்காடு
(மூன்று வாரம் கழித்து)
போய்விட்டு வந்தாயிற்று. நான்கு மணிக்குக் கிளம்பினோம், விக்கிரவாண்டியில் விடிந்தது, வெயில் ஏறுவதற்குள் திருச்சியைத் தாண்டிவிட்டோம். மாத்திரை வேலை செய்தது, ஒரு வாந்திகூட இல்லை. கடையில் வாங்கிய ஹார்னஸில் இருந்து இவள் வீட்டிலேயே பின்னால் நழுவி வெளியே வந்துவிட்டாள், மார்பு அகலம், இடுப்பு ஒடுக்கம். தாம்பரம் மார்க்கெட் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் காட்டினேன், இடுப்புக்கு நேராக மூன்றாவதாக ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார், 150 ரூபாய். மோதலைத் தாங்காது என்று ஸ்பேனர் திட்டுவார், தெரியும், ஆனால் நழுவவில்லை. மார்ட்டிங்கேலும் போட்டு, இரண்டு கயிறு.

ஊரில் ஒன்றைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் பொங்கல் என்றால் வேட்டு. சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, கேட்க வேண்டுமா. முதல் வெடிக்கே இவள் நடுங்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் நெல்லுக் குதிர் இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சத்தமாக ஓட விட்டு, நானும் கூடவே இருந்தேன். சாமி ஊர்வலத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது அதே டீக்கடையில் நிறுத்தினோம். பையன்கள் அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார்கள், என் மனைவி கையைக் காட்டி எட்ட நிற்கச் சொன்னாள், நின்றார்கள். கயிறு மாட்டி, பட்டையைக் கழற்றி, கதவைத் திறந்தோம். இறங்கியவள் நேராக ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கருவேல மரத்தைப் பார்த்துக் கயிற்றை இழுத்தாள். கருவாடு இன்னும் அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் போல.

டிவிஎஸ்காரன்
தைத்த பெரியவர் எந்தக் கடைப் பக்கம் உட்காருவார்? அடுத்த மாதம் சென்னை வருகிறேன், எங்கள் பயலுக்கும் ஒன்று தைக்க வேண்டும்.